நட்சத்திரம் கேட்ட பாவம்

என்னை முட்டாள் என்று மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது என் வழக்கம். அதில் ஒரு சின்ன லாபம் உண்டு: எந்த அளவு முட்டாள் என்பதை நானே குறைத்துச் சொல்லலாம். இந்த முறை குறைக்க வழியில்லை. தனியாக வாழும் நாற்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவருக்கு வெள்ளிக்கிழமை காலையில் தொலைபேசி எடுத்து, சுகம்கூட விசாரிக்காமல், "உம்மட நட்சத்திரம் என்ன?" என்று கேட்டவன் நான்.

கேட்ட இடம், லண்டன் ஆர்ச்வே முருகன் கோயில் வாசலுக்கு வெளியே, அந்த ஏற்றத்தில். ஒரு காதில் போன், மற்றக் காதில் விரல். கக்கத்தில் தேங்காய். பேருந்து ஒவ்வொன்றும் ஏற்றத்தில் முக்கி முனகி என் பேச்சைக் குழப்பிக்கொண்டு போனது.

சுகந்தி வடலண்டன் எட்மண்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவர். மறுமுனையில் லேபல் அடிக்கும் இயந்திரத்தின் சத்தம் நின்றது.

"உத்தரம், அண்ணை. ரெண்டாம் பாதம்." பிறகு, நான் அதுவரை அவரிடம் கேட்டிராத ஒரு மெல்லிய குரல்: "ஆர் அண்ணை?"

"பிறகு சொல்லுறன்," என்று வைத்துவிட்டேன்.

எங்கள் சனத்தில் ஒருவரின் நட்சத்திரத்தைக் கேட்க இரண்டு காரணங்கள்தான் உண்டு. ஒன்று அர்ச்சனை. மற்றது கலியாணம். அர்ச்சனைக்குக் கேட்பவர் வீட்டு ஆளாக இருப்பார். நான் வீட்டு ஆள் இல்லை. அப்படியானால் மிச்சம் என்ன என்பது, ஐயர் அர்ச்சனை முடித்துத் திருநீறு தந்த பிறகுதான் என் மண்டையில் ஏறியது. அதுவும், "பிறகு சொல்லுறன்" என்பது தரகர்கள் எல்லோரும் சொல்லுகிற அதே வசனம்.

(சுகந்தி அவருடைய உண்மைப் பெயரல்ல, உத்தரமும் அல்ல. இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ. ஆனா உங்களை நல்லவராக் காட்டாதேங்கோ" என்றார். அந்த நிபந்தனையை நிறைவேற்ற நான் பெரிதாகக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை.)

கதவும் இன்சூரன்சும்

நாலு வருடம் பின்னுக்குப் போகவேண்டும்.

லண்டனில் என்னை ஒரு சிலர் "மைக் அண்ணை" என்று கூப்பிடுவார்கள். கலியாணம், பிறந்தநாள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழா, எது நடந்தாலும் மைக் என் கையில் இருக்கும். நான் அறிவிப்பாளனாக இருந்தால் விழா ஒரு மணி நேரம் பிந்தும் என்று என் மனைவி பவானி சொல்வாள். இல்லாவிட்டாலும் பிந்தும், ஆனால் சிரிக்காமல் பிந்தும் என்று நான் சொல்வேன்.

சுகந்தி அந்தப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிப்பவர். இருபத்தைந்து வயதில் ஒரு கலியாணம் நடந்து, இரண்டு வருடத்தில் முடிந்துபோனது. அதன்பிறகு ஒன்றும் பேசிவரவில்லை, அந்த ரொறன்ரோச் சம்பந்தம் வரைக்கும்.

மாப்பிள்ளையின் அக்கா ஒரு காலத்தில் இல்ஃபோர்டில் எங்கள் தெருவில் இருந்தவர். தம்பிக்கு மனைவி இறந்து மூன்று வருடம். படம் பார்த்து, சாதகம் பார்த்து, எல்லாம் சரி. மிச்சமிருந்தது விசாரிப்பு மட்டும்; அதற்கு அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

வெள்ளைக்காரர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கடிதம் எழுதிக் கேட்பார்கள். நாங்கள் போனில் கேட்போம். முதலில் ரொறன்ரோக் குளிர், பிறகு லண்டன் மழை, பிறகு யாருக்கு முழங்கால் ஒப்பரேசன், கடைசியாக "சும்மா கேக்கிறன்" வரும். "சும்மா" என்று தொடங்கினால் அதுதான் தலைபோகிற விசயம்.

"சும்மா கேக்கிறன் அண்ணை. பிள்ளை எப்பிடி?"

"தங்கமான பிள்ளை," என்றேன்.

அங்கே நின்றிருக்க வேண்டும். ஆனால் எதிரில் ஒருவர் பேசாமல் இருந்தால் அந்த இடைவெளியை ஒரு பகிடியால் நிரப்பாமல் என்னால் இருக்க ஏலாது. அது ஒரு வருத்தம். எந்த மருந்துக்கடையிலும் அதற்கு மருந்தில்லை.

"ஆனா ஒண்டு. கதவைச் சாத்தினா மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் இன்சூரன்சுக்குப் போன் அடிப்பினம்."

ரொறன்ரோ சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல பகிடி என்றுகூட நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு செய்தி வந்தது. "நல்ல காலம் அண்ணை, நீங்கள் பகிடியாச் சொன்னாலும் எங்களுக்கு விளங்கிச்சு. தம்பி சாது. கோவக்காரர் சரிவராது. சாதகம் பொருந்தேல்லை எண்டு சொல்லி விட்டிட்டம்."

செய்தியை அழித்தேன். மைக்கைப் பிடித்தேன். நாலு வருடம் போனது.

காதுமடல் எதற்கு?

இப்போது நான் கிழமையில் மூன்று நாள் இல்ஃபோர்டில் ஒரு காதுக்கருவிக் கடையில் வேலை செய்கிறேன். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் காதைத் தின்றவனுக்குக் கடைசியில் அவர்களின் காதைத் துப்பரவாக்கும் வேலை. கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யார் சொன்னது?

மிரியம் அங்கேதான் வருவார். என்னைவிட நாலைந்து வயது கூட. கல்லூரியில் தத்துவம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். யூதர். சனிக்கிழமைகளில் தங்கள் ஆலயத்துக்குப் போவார். மற்ற நாட்களில் அங்கே கேட்டதை மறுத்து என்னோடு வாதாடுவார். புரட்டாதி மாதத்தில் அவர்களுக்குப் புதுவருடமும் பெரிய நோன்பும் வரும். அதற்கு முன் காதுக்குப் புது அச்சு எடுக்க வந்தார். "பிரசங்கம் கேட்காவிட்டால் பரவாயில்லை. ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுவார்கள், அது கேட்க வேண்டும்," என்றார்.

அச்சு எடுப்பது என்றால் காதுக்குள் ஒரு பசையை விட்டு அது இறுகும்வரை காத்திருப்பது. அந்த ஐந்து நிமிடம் இடைவெளி. இடைவெளியில் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

"என்ர நண்பர் ஒருவர்..." என்று தொடங்கி, கதவு, இன்சூரன்ஸ், ரொறன்ரோ எல்லாம் ஆங்கிலத்தில் சொன்னேன். பகிடியாகத்தான் சொன்னேன். மிரியம் பசையில்லாத காதைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார். சிரிக்கவில்லை.

"உன் நண்பர் சொன்னது உண்மையா?"

"உண்மைதான்! ஒருமுறை அந்தப் பெண் கதவை அடித்துச் சாத்தியது எனக்குத் தெரியும். நண்பர் பொய் சொல்லவில்லை."

"பொய் சொல்லியிருந்தால் அது வேறு குற்றம். எங்களிடம் உண்மை பேசுவதற்கே ஒரு குற்றம் இருக்கிறது."

எனக்குப் புதினமாக இருந்தது. ஒருவரைப் பற்றி உண்மையான கெட்டதைச் சொல்வதையே அவர்கள் தனியாக ஒரு பாவமாக எழுதி வைத்திருக்கிறார்களாம். சொன்னவன், கேட்டவன், சொல்லப்பட்டவர் மூன்று பேரையும் அது காயப்படுத்துமாம். காதுமடல் ஏன் எலும்பில்லாமல் மெத்தென்று இருக்கிறது என்று அவர்களின் பழைய ஆசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆகாத பேச்சு வந்தால் மடித்துக் காதை அடைப்பதற்காம். வேலைநாளில் இருபது காதுமடல் பிடிக்கிறவன் நான். இப்படி ஒரு பயன் இருப்பது தெரியாது.

"கலியாணத்துக்கு விசாரித்தால் என்ன செய்வது? ஒளிப்பதா?" என்று மடக்கினேன்.

"இல்லை. தேவையானதைச் சொல்லத்தான் வேண்டும். கூட்டாமல், பகிடியாக்காமல். அந்தப் பகிடி யாருக்குப் பயன்பட்டது? விசாரித்த பெண்ணுக்கா, உன் நண்பருக்கா?" பிறகு கேட்டார்: "அந்தப் பெண் ஏன் கதவைச் சாத்தினாள்?"

இதுதான் இடக்கான கேள்வி. ரொறன்ரோ விசாரித்த அந்த வருடம், பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நேரம் பிந்திப்போனது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் நாடகத்தை வெட்டியது நான். இரண்டு மாதம் பழகின நாடகம். மந்திரி வேசம் போட்ட பிள்ளை மீசையோடு அழுததாம். சுகந்தி மேடைக்குப் பின்னால் வந்து என்னைப் பார்த்தார், போகும்போது கதவைச் சாத்தினார். நாடகத்துக்கு இருந்த அந்த நேரத்தில் மேடையில் என் பகிடிகள் முழு நீளத்தில் போயின.

"நண்பருக்குத் தெரியாது," என்றேன்.

மிரியம் என்னைப் பார்த்த பார்வையில் அந்த நண்பர் அந்த நிமிடமே இறந்துபோனார். நான் மட்டும் மிஞ்சினேன்.

இரண்டு ஆசிரியர்கள்

"சரி, நான் என்ன செய்ய வேண்டும்?"

"அதில்தான் எங்களுக்குள் சண்டை," என்றார் மிரியம், சந்தோசமாக. சண்டை என்றால் அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஓர் ஆசிரியர் சொன்னாராம்: போய்ச் சொல், மன்னிப்புக் கேள், அவளுக்குத் தெரியாவிட்டாலும் சொல். மற்றவர் சொன்னாராம்: தெரியாத காயத்தை உன் மனப்பாரம் இறங்குவதற்காக அவளுக்குத் தெரியப்படுத்துவதா? அது இரண்டாவது காயம். வாயை மூடு.

"யார் சரி?"

"முப்பது வருடமாக யோசிக்கிறேன். மழை நாட்களில் முதலாமவர். வெயில் நாட்களில் இரண்டாமவர்."

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. கண்டவரிடமெல்லாம் கேட்கத் தொடங்கினேன். உங்களைப் பற்றி ஒருவன் உங்களுக்குத் தெரியாமல் கெட்டதாகக் கதைத்துவிட்டான்; அவன் வந்து சொல்ல வேண்டுமா, வேண்டாமா? மீன்கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு, "ஆர் கதைச்சது? பேரைச் சொல்லுங்கோ!" என்றார். இரண்டு நாள் என்னை விடவில்லை. மன்னாரைச் சேர்ந்த என் நண்பர் கிறிஸ்டி, "எங்களுக்குப் பிரச்சினை இல்லை மச்சான். பாதரிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்தாக் காணும்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா அவரும் போய்ச் சரிசெய் எண்டுதான் சொல்லுவார். அதாலதான் நான் சின்னப் பாவங்களை மட்டும் சொல்லுறது," என்றார்.

பவானி மட்டும் நேராகச் சொன்னாள். "இஞ்சேருங்கோ, கேக்கிறதைப் பாத்தா நீங்கள்தான் ஏதோ செய்திருக்கிறியள். போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ."

எனக்குத் துணிவில்லை. அதனால் இரண்டாவது ஆசிரியரை எனக்குப் பிடித்திருந்தது. மிக நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும்.

அப்பீல்

ஆனால் மிரியம் இன்னொன்றையும் சொல்லியிருந்தார். கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் நோன்பு நாளில் மன்னிப்பார். மனிதருக்குச் செய்ததை அவரால் மன்னிக்க முடியாது. அந்த மனிதரைச் சமாதானப்படுத்தும்வரை அவர் கையை விரித்துவிடுவார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நாங்கள் அகதியாக வந்த சனம். ஓர் இடத்தில் இல்லை என்றால் மேலிடத்துக்கு அப்பீல் போட்டுப் பழகினவர்கள். அவர்களின் கடவுளுக்கு அந்த அதிகாரம் இல்லாவிட்டால் என்ன, எங்கள் முருகன் இருக்கிறான். நார்தன் லைன் ரயிலில் ஏறினால் ஆச்சு. சுகந்தியின் பெயரில் ஒரு அர்ச்சனை, சுகந்திக்கு ஒரு நல்லது, எனக்கொரு நிம்மதி. யாருக்கும் தெரியத் தேவையில்லை.

"பேர்?" என்று கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவர்கள் கேட்டார்கள். சொன்னேன். "நட்சத்திரம்?" என்றார்கள். எனக்குப் பின்னால் வெள்ளிக்கிழமை வரிசை. சுவாமி பெயருக்குச் செய்யச் சொல்லியிருக்கலாம். எந்தக் குழந்தைக்கும் அது தெரியும். நான் "ஒரு நிமிசம்" என்று சொல்லி வெளியே வந்து போனை எடுத்தேன்.

அன்று பின்னேரமே வட்ஸ்அப்பில் சாதகம் வந்தது, ஏழு பக்கம். கூடவே ஒரு படம்; நீலச் சேலை, கஷ்டப்பட்டு வரவழைத்த சிரிப்பு. கீழே எழுதியிருந்தார்: "அண்ணை, முந்தின கலியாண விசயத்தை அவையளுக்கு முதலே சொல்லிப்போடுங்கோ. இன்னொருக்கா இடையில முறியிறதை எனக்குத் தாங்கேலாது. அண்ணா வீட்டுக்குத் தெரியவேண்டாம். என்னோடயே கதையுங்கோ."

பவானி என் தோளுக்கு மேலால் வாசித்தாள். நல்ல பேச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன். அவள் அடுப்படிக்குப் போனாள். முப்பத்து நான்கு வருடக் கலியாணத்தில் அவளுடைய மௌனம் எனக்கு அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காது அச்சு வாங்க வந்த மிரியத்திடம் போனை நீட்டினேன். உள்ளங்கையால் திரையை மூடினார். "இது எனக்கு அனுப்பியதில்லை."

நடந்ததை வாயால் சொன்னேன். புருவத்தைத் தடவினார்.

"வாங்குகிற எண்ணமில்லாமல் கடைக்காரரிடம் விலை கேட்கக் கூடாது என்று எங்கள் பழைய சட்டத்தில் இருக்கிறது. தெரியுமா?"

"அப்படியென்றால் சேலைக்கடைக்குப் போகிற எங்கள் பெண்கள் எல்லோரும் நரகத்துக்குத்தான்."

"ஏன் என்று கேள். விற்கப்போகிறோம் என்று அவன் மனதில் ஓர் ஆசை எழும். நீ எழுப்பி விட்டுவிட்டுப் போய்விடுவாய்." கருவியைக் காதில் வைத்துச் சரிபார்த்தார். "உன் இரண்டாவது ஆசிரியர் இனி உன்னைக் காப்பாற்ற மாட்டார். அவர் பேசியது ஒன்றும் அறியாமல் நிம்மதியாக இருக்கிறவளைப் பற்றி. இவள் காத்திருக்கிறாள்."

"அர்ச்சனைக்காகக் கேட்டேன் என்று மட்டும் சொன்னால் போதாதா?"

"ஏன் அர்ச்சனை என்று கேட்பாளே?"

தத்துவம் படித்தவர்களோடு பழகக் கூடாது. அடுத்த கேள்வியை எப்போதும் கையில் வைத்திருப்பார்கள்.

எட்மண்டன்

ஞாயிற்றுக்கிழமை எட்மண்டனுக்குக் காரில் போனேன். நோர்த் சேர்க்குலர் பாதையின் நெரிசலில் வழக்கமாக எரிச்சல் வரும். அன்று நெரிசல் போதாதே என்றிருந்தது. பவானி வரவில்லை. "நான் வந்தா என்னைப் பாத்துக்கொண்டு கதைப்பியள். அவளைப் பாத்துக் கதையுங்கோ," என்றாள்.

சுகந்தியின் வரவேற்பறையில் மேசைக்குப் புதுத் துணி. நல்ல கோப்பைகள். ஒரு தட்டில் றோல்ஸ், ஒரு தட்டில் கேக்.

"தேத்தண்ணியோ கோப்பியோ அண்ணை?"

"ஒண்டும் வேண்டாம். இரும், சுகந்தி. நான் சம்பந்தம் கொண்டு வரேல்லை."

அவர் இருந்தார். சேலைத் தலைப்பை மடியில் இழுத்துவிட்டார்.

வழியெல்லாம் மூன்று விதமாகத் தயாரித்த பேச்சில் ஒன்றும் வரவில்லை. "நாலு வருசத்துக்கு முந்தி ரொறன்ரோவில இருந்து என்னட்டை விசாரிச்சவை," என்றேன். "அது முறிஞ்சது என்னால."

"சாதகம் எண்டெல்லோ சொன்னவை?"

"இல்லை. நான்."

"என்ன சொன்னனீங்கள்?"

"ஒரு பகிடி..."

"அப்பிடியே சொல்லுங்கோ."

சொன்னேன். கதவு, பக்கத்து வீட்டுக்காரர், இன்சூரன்ஸ். அதே சொற்கள், அதே ஒழுங்கு. ஒரு பகிடியை அது யாரைப் பற்றியதோ அவருக்கு முன்னால் இருந்து முழுதாகச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? அது எவ்வளவு நீளம் தெரியுமா?

"நான் ஏன் கதவைச் சாத்தினனான் எண்டு அவைக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"என்ர பிள்ளையளின்ர நாடகத்தைப் பற்றி?"

"இல்லை, சுகந்தி."

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் நல்லது. அவர் கேக் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொல்வது போலில்லாமல் சொன்னார்:

"அப்ப மச்சாள் ஒண்டும் சொல்லேல்லை."

எனக்கு விளங்கவில்லை. மெல்ல மெல்லத்தான் வந்தது. மச்சாள் என்பது அவருடைய அண்ணனின் மனைவி. இரண்டு பஸ் தரிப்பு தள்ளி வீடு. மச்சாளின் தங்கை ரொறன்ரோவில் இருக்கிறார். சாதகம் முதலில் பொருந்திப் பிறகு பொருந்தாமல் போனபோது, தன்னைப் பற்றி ஏதோ சொல்லி முறித்தது அந்தத் தங்கைதான் என்று சுகந்தி நினைத்தார். தங்கைக்கு யார் சொல்லியிருப்பார் என்று மச்சாளை நினைத்தார். மச்சாள் வாசலில் நின்று பிள்ளைகள்மீது சத்தியம் பண்ணியிருக்கிறார். சுகந்தி நம்பவில்லை. அண்ணாவின் மகள் பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்திய வீட்டுக்குக்கூடப் போகவில்லை. சுப்பர்மார்க்கெட்டில் கண்டால் அடுத்த வரிசைக்குத் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொள்வாராம்.

"நாலு வருசம், அண்ணை," என்றார். "அவ ஒருக்கா என்ர கையைப் பிடிச்சவ. நான் உதறிப்போட்டன்."

இரண்டு ஆசிரியர்களும் என் தலைக்குள் வாதாடுவதை நிறுத்தினார்கள். சொல்வதா, விடுவதா என்று நான் ரசித்து ரசித்து ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்த நேரம் முழுக்க, என்னுடைய பிழையை இன்னொரு பெண் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார். அவரைப் பற்றி மிரியத்துக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாதது அப்பாவித்தனமா? நாலு வருடத்தில் ஒரு தரமாவது, "அந்தச் சம்பந்தம் முறிஞ்ச பிறகு எப்பிடி இருக்கிறீர்?" என்று நான் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பதில் எங்கே போய் முடியும் என்ற பயத்தில் அந்த ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை.

பவானி சொன்னபடி அவரைப் பார்த்தேன்; கையில் மைக் இல்லை.

"சுகந்தி," என்றேன், "நான் செய்தது பெரிய பிழை. என்னை மன்னிப்பீரோ?"

அவர் எழுந்து கதவுத் திறப்பையும் ஜாக்கெட்டையும் எடுத்தார்.

"சப்பாத்தைப் போடுங்கோ, மச்சாள் வீட்டை போவம்."